வால்வு கிட்டார் ஆம்ப்புக்கு மாற்று ஸ்பீக்கர்: அளந்து, மாட்டி, கேட்டுத் தேர்ந்தது

புஷ்-புல்லில் (மாறி மாறி இழுக்கும் ஜோடியாக) இரண்டு ஈஎல்84 பவர் வால்வுகள், முன்னால் இரண்டு ஈசிசி83, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையருக்கு ஈஇசட்81. சேலத்தில் கட்டி, ஏற்காட்டில் ஒரு வீட்டு அறையில் வாசிக்கப்படும் கிட்டார் ஆம்ப் இது. 18 எம்.எம். பிளைவுட் பெட்டி, பின்பக்கம் பாதி திறந்தது. அதிலிருந்த 12 இன்ச் ஸ்பீக்கரின் காயில் போய்விட்டது. இப்போது வேறு ஸ்பீக்கர் மாட்டி, பெட்டி நன்றாக ஓடுகிறது. இடையில் என்னென்ன பார்க்க வேண்டியிருந்தது, எது சரிவரவில்லை, ஏன் என்பதெல்லாம் இந்தப் பதிவில்.

வால்வு மாற்றுகிறோம், கப்ளிங் கெப்பாசிட்டர் மாற்றுகிறோம். அதில் வரும் வித்தியாசத்தைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஸ்பீக்கரை மாற்றினால் பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரியும். அதனால்தான் எல்லோரும் நேராக பிராண்டு பெயரில் தொடங்குகிறார்கள். பிராண்டு கடைசியில் வர வேண்டியது. முதலில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் (வால்வையும் ஸ்பீக்கரையும் பொருத்துவது), அடுத்து நிஜமான வாட்ஸ், பிறகு அறையும் பெட்டியும். அந்த வரிசையில் போனால் மிஞ்சும் ஸ்பீக்கர்கள் இரண்டோ மூன்றோதான்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக் கூடாது. சுமை இல்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுற்றில்) வோல்டேஜ் பல மடங்கு எகிறும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் இன்சுலேஷன் ஓட்டையாகும், அல்லது வால்வு சாக்கெட்டில் பொறி பாயும். காயில் போன ஸ்பீக்கரை மாட்டியபடி "சத்தம் வரலையே" என்று வால்யூமை ஏற்றுவதும் இதே கதைதான். இரண்டாவது, இந்த ஆம்ப்பில் பி-பிளஸ் (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி) 320 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மீட்டரை வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

பழுது உண்மையிலேயே ஸ்பீக்கரில்தானா என்று பார்ப்பது முதல் வேலை. ஜாக், ஒயர், டெர்மினல் என்று வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். ஜாக்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் மீட்டரை வைத்தால் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 6 முதல் 7 ஓம்ஸ் வரை காட்ட வேண்டும். 16 ஓம்ஸ் என்றால் 11 முதல் 13.5 வரை, 4 ஓம்ஸ் என்றால் மூன்றேகாலுக்குப் பக்கம். இதில் எதுவுமே காட்டவில்லை. அதோடு ரீகோனிங்குக்கு (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றிக் கட்ட) தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் நடுவில் அறுந்திருந்தாலும் மீட்டர் இப்படித்தான் காட்டும். அந்த ஒயர் கோனில் சேரும் இடத்தில் இரண்டு சால்டர் புள்ளிகள் இருக்கும். மேலே பூசிய பசையை ஊசி முனையால் சுரண்டி, புரோபை அந்தப் புள்ளிகளில் நேராக வைக்க வேண்டும். அங்கே 6.4 என்று காட்டினால் புது லீட் ஒயர் போட்டு ஐம்பது ரூபாயில் வேலை முடிந்துவிடும். இங்கே அந்தப் புள்ளிகளிலும் ஒன்றும் வரவில்லை.

டஸ்ட் கேப்பை (கோனின் நடு மூடியை) பிளேடால் வட்டமாக அறுத்துத் திறந்தபோது காரணம் தெரிந்தது. காயில் கருகவில்லை, எரிந்த வாடையும் இல்லை. காயிலின் வால் கம்பி கோனை ஒட்டி மேலே ஏறும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கம்பியே இல்லாமல் போயிருந்தது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். சேலத்து வெயிலில் பல வருஷம் ஓடும் சால்டர் ஜாயின்ட் இந்த ஈரத்தில் சீக்கிரம் போய்விடும். ஃப்ளக்ஸைத் துடைக்காமல் விட்ட ஜாயின்ட்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே வாட்ஸ் பத்தாமல் போன ஸ்பீக்கர் இல்லை இது. மாற்று ஸ்பீக்கரைப் பெரிய வாட்ஸில் எடுத்தால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர். உள்ளூரில் சுற்றி வாங்கியது. செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கச் சுற்றில்) பொதுவுக்குக் கறுப்பும், மூன்று டேப்பும் (வெவ்வேறு ஓம்ஸுக்கு எடுத்த முனைகள்) இருந்தன, எதிலும் எண் எழுதவில்லை. எந்த ஒயர் எத்தனை ஓம்ஸ் என்று தெரியாமல் ஸ்பீக்கர் வாங்குவதில் அர்த்தமில்லை. அளக்கும் முறை சுலபம்தான், ஆனால் திசை முக்கியம். 12 வோல்ட் ஏசியை பிரைமரியில், அதாவது இரண்டு பிளேட் (வால்வின் வெளியீட்டு முனை) ஒயர்களுக்கும் குறுக்கே கொடுத்து, செகண்டரியில் வரும் சின்ன வோல்டேஜை அளக்க வேண்டும். தலைகீழாக செகண்டரியில் 6 வோல்ட் கொடுத்தால் பிரைமரியில் 190 வோல்ட்டுக்குப் பக்கம் வந்து நிற்கும், கை பட்டால் ஆபத்து. வால்வுகளைக் கழற்றி, பிரைமரியின் மூன்று ஒயர்களையும் சர்க்யூட்டிலிருந்து விடுவித்துவிட்டு அளந்தோம்.

கொடுத்தது 12.6 வோல்ட். மஞ்சள் ஒயரில் 0.28, பச்சையில் 0.40, சிவப்பில் 0.56 வோல்ட் வந்தது. பச்சைக்குக் கணக்கு: 12.6-ஐ 0.40-ஆல் வகுத்தால் 31.5, அதன் வர்க்கம் 992. 8 ஓம்ஸால் பெருக்கினால் ஏறத்தாழ 7,900 ஓம்ஸ். இரண்டு ஈஎல்84-க்கு பிளேட்டுக்குப் பிளேட் வேண்டியது 8,000. ஆக பச்சைதான் 8 ஓம்ஸ் டேப். மஞ்சள் 4, சிவப்பு 16. பழைய ஸ்பீக்கர் 8 ஓம்ஸ், ஆனால் இணைந்திருந்தது சிவப்பில். அதாவது 16 ஓம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 8 ஓம்ஸ், வால்வுகளுக்குத் தெரிந்த சுமை 4,000 ஓம்ஸ்தான். ஒரு படி வித்தியாசத்தை ஆம்ப் தாங்கும், உடனே எதுவும் வெடித்துவிடாது. ஆனால் ஓங்கி வாசிக்கும்போது வால்வுகள் வழியாக வேண்டாத கரண்ட் ஓடும், பவரும் குறையும், வால்வும் சீக்கிரம் தேயும். எதிர்ப்பக்கம் தவறினால், அதாவது 8 ஓம்ஸ் டேப்பில் 16 ஓம்ஸ் மாட்டினால், கரண்ட் குறையும், பிளேட் வோல்டேஜ் வீச்சு கூடும். வேறு வழியே இல்லை என்றால் முதல் வகைத் தப்பு வால்வோடு போகும். இரண்டாவது வகை ஓங்கி வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மரையே கேட்கும்.

பிறகு நிஜமான வாட்ஸ். நான்கு 33 ஓம்ஸ் 10 வாட்ஸ் சிமெண்ட் ரெசிஸ்டர்களை பேரலலாக இணைத்தால் 8.25 ஓம்ஸ், 40 வாட்ஸ் தாங்கும் டம்மி லோட் (ஸ்பீக்கருக்குப் பதிலான போலிச் சுமை) கிடைக்கும். அறுபது ரூபாய்ச் செலவு. நன்றாகச் சூடாகும், ஓடு மேலே வைத்து வேலை செய்வது நல்லது. மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப்பிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை இன்புட்டில் கொடுத்து, லோடில் அலையைத் திரையில் காட்டும் டிஎஸ்ஓ138 கிட் ஆசிலோஸ்கோப்பும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரும் வைத்தோம். 400 ஹெர்ட்ஸ் ஏன் என்றால், விலை குறைந்த மீட்டர்கள் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைக் குறைத்துக் காட்டும். அலையின் தலை தட்டையாகத் தொடங்கும் இடத்தில் 10.7 வோல்ட், அதாவது 13.9 வாட்ஸ். வால்யூமை முழுக்கத் திறந்து அலை ஏறக்குறைய சதுரமானபோது 14.1 வோல்ட், 24 வாட்ஸ்.

இந்த இரண்டாவது எண்தான் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கிறது. மற்ற ஆடியோ ஆம்ப்பை யாரும் தலை தட்டையாகும் வரை ஓட்டுவதில்லை. கிட்டார் ஆம்ப்பை அங்கேதான் ஓட்டுகிறார்கள், அதுதான் அதன் சுகம். "15 வாட்ஸ் ஆம்ப், 15 வாட்ஸ் ஸ்பீக்கர் போதும்" என்று போட்டால் ஓவர்டிரைவில் (அலை தட்டையாகும்படி ஏற்றி வாசிக்கும்போது) காயிலின் பசை இளகலாம். சுத்தமான வாட்ஸுக்கு இரண்டு மடங்கு என்பது குறைந்தபட்சம். இங்கே 28-க்கு மேல் வேண்டும்.

வாட்ஸைவிட அதிகம் ஏமாற்றுவது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. வீட்டு ஆடியோ வூஃபர்கள் 86 முதல் 90 வரை இருக்கும், கிட்டார் ஸ்பீக்கர்கள் 95 முதல் 101 வரை. 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு பவர். 90 டெசிபல் ஸ்பீக்கரில் 14 வாட்ஸ் தரும் சத்தத்தை 100 டெசிபல் ஸ்பீக்கரில் 1.4 வாட்ஸ் தந்துவிடும். அப்படியானால் எப்போதும் பெரிய எண்ணையே எடுக்கலாமா? கூடாது. 97 டெசிபல் ஸ்பீக்கரில் இந்த ஆம்ப்பின் 14 வாட்ஸ் ஒரு மீட்டரில் 108 டெசிபலைத் தாண்டும். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறைக்கு அதுவே தாங்காது. டிரம்ஸோடு சபையிலோ மேடையிலோ வாசிப்பவருக்கு 100 வேண்டும். வீட்டில் வால்வை வேலை செய்ய வைத்து, அதாவது வால்யூமை ஏற்றி வாசிக்க விரும்புபவருக்கு 97 நல்லது.

ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மாட்டும் முன் அதன் ரெசனன்ஸை (கோன் இயல்பாகவே அதிகம் அதிரும் ஹெர்ட்ஸை) அளந்தோம். 24 வோல்ட்டில் ஓடும் ஒரு டிடிஏ2030 ஆம்ப் போர்டின் அவுட்புட்டை 5 வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கரோடு தொடராக 1,000 ஓம்ஸ் ரெசிஸ்டர் போட வேண்டும். முதலில் ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் 10 ஓம்ஸ் வைத்தால் மீட்டர் 50 மில்லிவோல்ட் காட்டும், அதுதான் அளவுகோல். பிறகு ஸ்பீக்கரை மாட்டி 40 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். மீட்டர் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். உச்சம் வரும் ஹெர்ட்ஸ்தான் ரெசனன்ஸ். ஸ்பீக்கரைக் கையில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். மேக்னெட்டை மேஜையில் வைத்து கோனை மேலே பார்க்கப் போட்டால் எண் தள்ளிப்போகும்.

இது ஏன் வேண்டும் என்றால், இந்த ஆம்ப்பில் நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துத் திருத்துவது) கிடையாது. ஈஎல்84 போன்ற பென்டோட் வால்வுகள் ஸ்பீக்கரைக் கட்டுப்படுத்துவதில்லை, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் எதிர்ப்பு) எங்கே ஏறுகிறதோ அங்கே வோல்டேஜும் ஏறும். மாட்டிய பிறகு அளந்ததில் 400 ஹெர்ட்ஸில் டெர்மினலில் 1 வோல்ட் வரும்படி வைத்தால், அதே இன்புட்டுக்கு ரெசனன்ஸில் 2.3 வோல்ட், 3,000 ஹெர்ட்ஸில் ஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றரை வோல்ட். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இந்த மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். வால்வு ஆம்ப்பில் ஸ்பீக்கர் மாறினால் குரலே மாறுவது இதனால்தான். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். ரெசனன்ஸ் 75 முதல் 85-க்குள் விழுந்தால் அந்தக் கம்பிக்குத் தானாகவே ஒரு கனம் கிடைக்கும்.

முதலில் பார்த்தது ரீகோனிங். மைக் செட்காரர்களுக்கு ஸ்பீக்கர் கட்டும் வேலை சேலத்தில் எப்போதும் உண்டு, திருவிழா சீசன் என்றால் வரிசையில் நிற்க வேண்டும். 900 ரூபாய், புதுக் காயில், புதுக் கோன், புது ஸ்பைடர் (காயிலை நடுவில் தாங்கும் நெளி வளையம்). வேலை சுத்தம், காயில் துளியும் உரசவில்லை. டிசி 6.1 ஓம்ஸ். ஆனால் ரெசனன்ஸ் 51 ஹெர்ட்ஸ். பழைய கோன் மெல்லிய காகிதம், ஓரமும் அதே காகிதத்தில் மடிப்பு மடிப்பாக வந்தது. புதிதாக வந்தது தடித்த கோன், துணி ஓரம். மைக் செட் பெட்டிக்கு பாஸ் வேண்டும் என்பதால் கடையில் இருப்பு வைப்பது அந்த வகைதான், அவர்கள் வாடிக்கைக்கு அதுவே சரி. கிட்டாருக்கு ஒலி மேலே கம்பளி போர்த்தியது போல ஆகிவிட்டது. டிரெபிளை முழுக்கத் திறந்தாலும் தந்தியின் முனை கேட்கவில்லை. திறந்த பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தளர்ந்த கோனைப் பின்னாலிருந்து தாங்கக் காற்று இல்லாததால் ஈ கம்பியை அழுத்தி அடித்தால் கோன் கண்ணுக்குத் தெரிய ஆடுகிறது. ரீகோனிங் செய்வதாக இருந்தால் மெல்லிய காகித ஓரமுள்ள கோனும் ஒன்றே முக்கால் இன்ச் காயிலும் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட வேண்டும். கிடைக்காது என்றால் வேறு வழி பார்க்கலாம்.

அடுத்து ஒரு 12 இன்ச் மைக் செட் ஸ்பீக்கர், புதிது, 150 வாட்ஸ் என்று போட்டிருந்தது. ரெசனன்ஸ் 54. இதுவும் அதே பாதைதான், கனமான கோனும் பெரிய காயிலும். பெரிய காயிலுக்கு இண்டக்டன்ஸ் (உயர் ஹெர்ட்ஸைத் தடுக்கும் குணம்) அதிகம், 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் தளர்ந்துவிடும். கிட்டாரின் கடி இருப்பதே 2,000 முதல் 4,000 வரை. வீட்டு சப்வூஃபரை ரப்பர் ஓரத்தோடு மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம், சத்தமே வராது.

ட்வீட்டர் உள்ள கோஆக்சியல் ஸ்பீக்கர் இதற்கு நேர் எதிர்த் தவறு. சுத்தமாக வாசிக்கும்போது பளிச்சென்று இருக்கும். ஓவர்டிரைவ் போட்டவுடன் காதைக் கிழிக்கும். வால்வு தலை தட்டும்போது வரும் மேல் ஹார்மானிக்ஸ் எல்லாம் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழுவது குறையல்ல, அதுதான் அதன் வேலை. மெல்லிய கோன் 2,000-க்கு மேல் ஒரே துண்டாக அசையாமல் பகுதி பகுதியாக அதிர்ந்து ஒரு மேட்டை உண்டாக்கும், பிறகு சட்டென்று விழும். பழைய வால்வு ரேடியோக்களின் காகிதக் கோன் ஸ்பீக்கர்களிலும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. காயில் போவதற்கு முன் நம் பழைய ஸ்பீக்கர் கிட்டாருக்கு ஒத்துப்போனதும் அதனால்தான்.

இனி கிட்டார் ஸ்பீக்கர்கள். பட்டியலில் நின்றவை செலஸ்டியன் நிறுவனத்தின் மூன்று. கிரீன்பேக் என்று சொல்லும் ஜி12எம்: 25 வாட்ஸ், 98 டெசிபல், ரெசனன்ஸ் 75. விண்டேஜ் 30: பெயரில் முப்பது இருந்தாலும் 60 வாட்ஸ், 100 டெசிபல். ஜி12எம்-65 கிரீம்பேக்: 65 வாட்ஸ், 97 டெசிபல், ரெசனன்ஸ் 75. 15 வாட்ஸ் அல்நிகோ ப்ளூவின் ஒலி ரொம்ப அழகு, ஆனால் 24 வாட்ஸ் தரும் இந்த ஆம்ப்புக்கு ஒற்றையாக மாட்டக் கூடாது, விலையும் எட்டாது.

கிரீன்பேக்கின் 25, நம் 24-க்கு ஒட்டி நிற்கிறது. இரண்டு கிரீன்பேக் உள்ள பெட்டி என்றால் கேள்வியே இல்லை, ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்ளும். ஒற்றை ஸ்பீக்கர் என்பதால் தள்ளினோம். விண்டேஜ் 30-ஐச் சேலத்தில் ஒரு சபை இசைக்குழுவின் பெட்டியிலிருந்து கடன் வாங்கி மாட்டிக் கேட்டோம். 2,000-க்கு மேல் அதன் மேடு கூர்மையானது. டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே கிட்டார் தனியாகத் தெரிய வேண்டும் என்றால் அதைவிடப் பொருத்தமானது குறைவு. சின்ன அறையில், சிங்கிள் காயில் பிக்கப் கிட்டாரில், அந்தக் கூர்மை காதில் உறுத்துகிறது. சத்தமும் 3 டெசிபல் கூடுதல், வால்யூமை மூன்றுக்கு மேல் வைக்க முடியவில்லை. கிரீம்பேக்கில் நடுப்பகுதி தடிமனாக, மேல்பகுதி மழுங்காமல், உறுத்தாமல் வருகிறது. அதை எடுத்தோம், 8 ஓம்ஸ். வந்து சேர 16,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

புதிதாக வந்தபோது அளந்த ரெசனன்ஸ் 81 ஹெர்ட்ஸ், டிசி 6.7 ஓம்ஸ். புதுக் கோனின் ஓரமும் ஸ்பைடரும் விறைப்பாக இருக்கும், வாசிக்க வாசிக்கத் தளரும். சில வாரம் கழித்து அளந்தபோது 76-க்கு இறங்கி நின்றது. கோன் ஓரத்தில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒன்று பூசியிருக்கும். அழுக்கென்று நினைத்து ஸ்பிரிட்டால் துடைத்துவிடக் கூடாது, ஓரத்தின் அதிர்வை அடக்கத்தான் அதைப் பூசுகிறார்கள்.

ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை டெர்மினலில் தொட்டால் பிளஸ் எது என்று தெரியும், கோன் வெளியே வர வேண்டும். ஒற்றை ஸ்பீக்கரில் பெரிய வித்தியாசமில்லை. பின்னால் இரண்டாவது பெட்டி சேர்க்க நேர்ந்தால் உதவும் என்பதால் பிளஸ் டெர்மினலைக் குறித்து வைத்தோம்.

மாட்டுவதில் பிடித்த நேரம் முன்பலகையில். 12 இன்ச் என்று ஒரே பெயர், அளவு ஒன்றல்ல. கிரீம்பேக்குக்கு வெட்டு விட்டம் 283 எம்.எம்., போல்ட் வட்டம் 297, வெளிவட்டம் 309. பழைய பலகையின் ஓட்டை 276, போல்ட் ஓட்டைகளும் பொருந்தவில்லை. ஓட்டையை ரம்பத்தால் தேய்த்து விரிப்பதைவிடப் புதுப் பலகையே மேல். அரைகுறையாக விரித்தால் விளிம்பு கோன் ஓரத்தைத் தொட்டுக் கரகரக்கும். செவ்வாய்ப்பேட்டை பக்கத்தில் 18 எம்.எம். பிடபிள்யூபி பிளைவுட் ஒரு துண்டு, எம்5 டி-நட், 35 எம்.எம். போல்ட், வாஷர் எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள். சாதாரண கமர்ஷியல் பிளை ஏற்காட்டு ஈரத்தில் விளிம்பில் உப்பும், அதனால் பிடபிள்யூபி. வெட்டிய விளிம்புக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடித்தோம்.

போல்ட் முறுக்கும்போது கவனம் வேண்டும். நான்கையும் விரலால் தொடும் அளவுக்கு ஏற்றி, பிறகு எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்க வேண்டும். கேஸ்கெட் சற்று அமுங்கினால் போதும். ஒரு போல்ட்டை முதலிலேயே முழுக்க முறுக்கினால் தகர பேஸ்கெட் (ஸ்பீக்கரின் சட்டம்) வளையும், மேக்னெட் இடைவெளியில் காயில் ஒரு பக்கம் சாயும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு கை விரல்களையும் பிரித்து டஸ்ட் கேப்பைச் சுற்றிக் கோனில் சமமாக வைத்து, மெதுவாக 2 எம்.எம். அழுத்தி விட வேண்டும், காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. காற்றின் சத்தம் மட்டும் வந்தால் சரி. மணல் தேய்வது போன்ற ஒரு மெல்லிய ஓசை வந்தால் காயில் உரசுகிறது. முதல் முறுக்கில் இங்கே இடது மேல் பக்கத்தில் அந்த ஓசை வந்தது. நான்கு போல்ட்டையும் தளர்த்தி, ஸ்பீக்கரைக் கால் வட்டம் திருப்பி மறுபடி இறுக்கியதும் போய்விட்டது. பலகையில் ஒரு மூலை அரை மில்லிமீட்டர் மேடாக இருந்திருக்கிறது.

இணைப்புக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் நெளியும் ஒயர், டெர்மினலில் ஸ்பேட். நேராக சால்டர் வைத்தால் ஜாயின்ட் உறுதி, ஆனால் சூடு உள்ளே ஓடி லீட் ஒயரின் ஜாயின்ட்டை இளக்கிவிடலாம். பச்சை டேப் ஜாக்குக்குப் போனது. மஞ்சள், சிவப்பு முனைகளை ஸ்லீவ் போட்டுத் தனித்தனியாக மூடினோம். ஜாக்கின் குறுக்கே 470 ஓம்ஸ் 10 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்றும் நிரந்தரமாக வைத்தாயிற்று. ஸ்பீக்கர் ஒயர் பிடுங்கிக்கொண்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் மொட்டையாக நிற்காது. வாசிக்கும்போது அது தின்னும் பவர் காதுக்குத் தெரியாது. பத்து ரூபாய்ப் பொருள், கையால் கட்டும் ஒவ்வொரு வால்வு ஆம்ப்பிலும் இருக்க வேண்டும்.

பின்பலகை வேலையை ஒலி கேட்டபடி செய்வது நல்லது. முழுக்கத் திறந்திருந்தபோது பாஸ் மெலிந்திருந்தது. முன்னால் வரும் அலையும் பின்னால் வருவதும் பெட்டியைச் சுற்றிச் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மேலும் கீழும் இரண்டு பலகை வைத்து நடுவில் 150 எம்.எம். இடைவெளி விட்டபோது பாஸ் நின்றது. 80 எம்.எம். ஆக்கியபோது அறை மூலையில் குமுறல் வந்தது, வால்வின் சூடும் உள்ளே தங்கியது. 150-லேயே விட்டோம். அந்த இடைவெளிக்கு நைலான் கொசுவலை இரண்டு மடிப்பாக அடித்தோம். ஏற்காட்டில் இது அலங்காரமல்ல. கரப்பான் கோன் காகிதத்தையும் பசையையும் தின்னும், எலிக்குப் பெட்டியின் கதகதப்பு பிடிக்கும்.

முன்துணிக்கு முதலில் எடுத்தது சேலம் கைத்தறிப் பருத்தி, கட்டம் போட்டது, பார்க்க நன்றாக இருந்தது. நெசவு நெருக்கம். வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் கையில் காற்று உணர்வே இல்லை, அதே அளவுக்கு மேல்ஒலியும் அடங்கியது. பருத்தி பனியில் தளர்ந்து வெயிலில் இறுகவும் செய்யும், ஈரமான நாளில் துணியே படபடக்கும். பாலியஸ்டர் கலந்த திறந்த நெசவுத் துணிக்கு மாறினோம். எந்தத் துணியானாலும் ஊதிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

கேட்கும் இடமும் ஒரு அளவுதான். 12 இன்ச் கோனின் மேல்ஒலி நேர்கோட்டில் டார்ச் வெளிச்சம் போலக் குவியும். பெட்டி தரையில் இருந்து காது மேலே இருந்தால் மழுங்கலாகக் கேட்கும், உடனே டிரெபிளை ஏற்றுவோம், எதிரில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்துவார். முன்பக்கம் ஒரு கட்டை வைத்துப் பெட்டியைப் பின்னோக்கிச் சாய்த்து, இரண்டு மீட்டர் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் நின்று டோன் செட் செய்தால் எல்லா இடத்துக்கும் ஒத்துவரும்.

மலைக்கு ஏற்றும்போது வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வைத்தோம். பெட்டியைப் பின்பக்கம் கீழே வரும்படி ஃபோம் மேல் படுக்க வைத்தோம். மேக்னெட் மட்டுமே ஸ்பீக்கர் எடையில் பெரும்பங்கு. 20 கொண்டை ஊசி வளைவில் பெட்டி உருண்டு இடித்தால் பேஸ்கெட் தாங்கினாலும் மேக்னெட் நகர்ந்துவிடும், நகர்ந்த மேக்னெட்டை எந்தக் கடையிலும் சரி செய்வது கஷ்டம்.

இப்போது ஆம்ப் சரியான டேப்பில் ஓடுவதால் அதே வால்யூம் குமிழ் நிலையில் முன்பைவிடத் தெளிவு கூடியிருக்கிறது. ஓவர்டிரைவ் ஐந்துக்கு மேல் தொடங்குகிறது. ஸ்பீக்கர் 65 வாட்ஸ் என்பதால் கோன் தானாக நசுங்கும் அந்த இனிப்பு இதில் குறைவு, அது வேண்டுபவர் இரண்டு கிரீன்பேக் பெட்டிக்குத்தான் போக வேண்டும். ஈரத்துக்காக லீட் ஒயர் ஜாயின்ட் இரண்டையும் ஐசோபுரோப்பைலால் துடைத்து, மேலே மெல்லியதாக ஒரு துளி வார்னிஷ் வைத்தோம், கோனில் படாமல். மழைக்காலத்தில் வாசிக்காத நாளிலும் கால் மணி நேரம் ஆம்ப்பை ஆன் செய்துவைத்தால் வால்வின் சூடே பெட்டியை உலர்த்திவிடும்.

ரீகோனிங்கும் மைக் செட் ஸ்பீக்கரும் சேர்ந்து மூவாயிரத்துக்கு மேல் விழுங்கின. டேப் அளவும் டம்மி லோடும் ரெசனன்ஸ் அளவும் முதலிலேயே கையில் இருந்தால் அந்தப் பணம் மிஞ்சும். அடுத்த பெட்டியில் முன்பலகையைத் திருகு போட்டுக் கழற்றும்படி வைப்போம், ஒட்டிவிட மாட்டோம். பின்பக்கம் 4, 8, 16-க்கு ஒரு ரோட்டரி சுவிட்சும் சேர்ப்போம், ஆம்ப் ஆனில் இருக்கும்போது திருப்பக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதி.